வலிக்கு ஒரு பொத்தான்

அறுவை முடிந்து மருத்துவமனையில் அப்பா கண்ணயர்ந்திருந்த நேரத்தில், அவர் விரல்களுக்கிடையே கிடந்த வலிமருந்துப் பம்பின் பொத்தானை அம்மா எடுத்து ஒருமுறை அமுக்கிவிட்டார். விழிக்கும்போது வலிக்கக் கூடாதே என்ற பரிவுதான். இரத்த அழுத்தம் பார்க்க வந்த தமிழ்த் தாதி அதைக் கண்டு, "வேணாம்மா, அவர்தான் அமுக்கணும், நீங்க அமுக்கவே கூடாது" என்று சொல்லி, அதை மெதுவாக வாங்கி அப்பாவின் உள்ளங்கையருகே வைத்தார். அம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. அன்று உட்லண்ட்ஸ் வீட்டுக்குத் திரும்பும் ரயிலில், வழி முழுவதும் அந்தப் பொத்தானின் கணக்கை அவருக்கு விளக்கிக்கொண்டு வந்தேன்.

அந்தக் கணக்கு எனக்குப் பழக்கமானது. ஆறு ஆண்டுகளுக்கு முன் கருப்பைக் கட்டிகளை அகற்றியபோது எனக்கும், நோயாளியே பொத்தானை அமுக்கி வலிமருந்தை எடுத்துக்கொள்ளும், 'பிசிஏ' என்று சுருக்கமாக அழைக்கப்படும் பம்பு ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். அமுக்கினால் 1 மில்லிகிராம் மார்ஃபின் இரத்த நாளம் வழியாக ஏறும். அடுத்த 5 நிமிடத்துக்கு எத்தனை முறை அமுக்கினாலும் இயந்திரம் அசையாது. விடாமல் அமுக்கிக்கொண்டே இருந்தாலும் மணிக்கு 12 மில்லிகிராமைத் தாண்ட முடியாது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பெரிய ஊசி போட்டால், முதலில் மயக்கமும் கடைசியில் வலியும் மாறி மாறி வரும். சிறு சிறு அளவாகச் சேர்த்தால் இரத்தத்தில் மருந்து ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கும். விற்பனைக்கு வந்த முதல் கருவியான கார்டிஃப் பேலியேட்டர் 1976இல் அறிமுகமான காலத்திலிருந்து அடிப்படை இதுதான்.

மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வகை மருந்து மிகும்போது பெரும்பாலும் முதலில் தூக்கம் சொக்கும், பிறகுதான் மூச்சு மந்தமாகும். சொக்கியவர் பொத்தானை அமுக்க மாட்டார், மருந்தும் தானாகக் குறைந்துவிடும். இயந்திரத்தின் எல்லாப் பூட்டுகளையும்விட உறுதியான காவல் நோயாளியின் இந்தத் தூக்கம்தான். பக்கத்தில் இருப்பவர் அமுக்கினால் அது உடைந்துபோகிறது. இதே அச்சத்தால்தான், ஓபியாய்டுக்குப் பழகாத பெரியவர்களுக்கு இரத்த நாளம் வழிப் பம்பில் பின்னணியில் தொடர்ந்து மருந்து ஓடவிடுவதைப் பொதுவாகத் தவிர்க்கிறார்கள்.

பெருங்குடலின் ஒரு பகுதியை வெட்டி எடுத்த அப்பாவுக்குப் பொருத்தியது 'எபிடியூரல்' என்ற வேறு வகை. முதுகில், தண்டுவட உறைக்கு வெளியே செருகிய மெல்லிய குழாய் வழியாக, மரத்துப்போகச் செய்யும் மருந்தும் ஃபென்டனில் என்ற ஓபியாய்டு சிறிதளவும் கலந்து ஓடிக்கொண்டே இருக்கும். வலி மிகும்போது பொத்தான் கூடுதலாகக் கொஞ்சம் தரும். வேறுபாடு இருமலில் தெரிந்தது. அசையாமல் படுத்திருக்கும்வரை எனக்கு மார்ஃபின் போதுமானதாக இருந்தது, ஆனால் இருமினால் தையல் பிரிவதுபோல் வலித்தது. தலையணையை வயிற்றோடு கட்டிக்கொண்டுதான் இருமினேன். அப்பாவோ மறுநாள் காலையிலேயே உடல் இயக்கச் சிகிச்சையாளர் சொன்னபடி ஆழ மூச்சிழுத்து, நன்றாக இருமிச் சளியை வெளியேற்றினார். பெரிய வயிற்று அறுவைக்குப் பின் எபிடியூரல்தான் வலியை நன்கு அடக்குகிறது என்று ஆய்வுகளும் சொல்கின்றன.

அதற்கு அவர் கொடுத்த விலையும் உண்டு. இரத்த அழுத்தம் இறங்கியது, ஒரு கால் கனத்துப்போனது, சிறுநீர்க் குழாயை உடனே எடுக்க முடியவில்லை. எனக்கு மார்ஃபின் தந்தது குமட்டலும், மூக்கு நுனியில் ஓயாத அரிப்பும். மேலும், இரத்தம் உறையாதிருக்க ஹெப்பரின் வகை ஊசி போடுபவர்களுக்கு முதுகுக் குழாயை நினைத்த நேரத்தில் உருவ முடியாது. உள்ளே இரத்தம் கசிந்து தண்டுவடத்தை அழுத்தும் அபாயம் மிக அரிதென்றாலும், அப்பாவுக்குக் கடைசி ஊசி போட்டு 12 மணி நேரம் கழியும்வரை காத்திருந்தே எடுத்தார்கள்.

ஊசியே இல்லாத வழிகளையும் முயன்று பார்த்திருக்கிறார்கள். பொத்தானை அமுக்கியதும் மின்னோட்டத்தால் 10 நிமிடத்தில் 40 மைக்ரோகிராம் ஃபென்டனிலைத் தோலுக்குள் செலுத்தும் பட்டைக்கு அமெரிக்காவில் 2006இல் அனுமதி கிடைத்தது, ஆனால் சந்தையில் அது நிலைக்கவில்லை. நாக்குக்கடியில் வைக்கும் 15 மைக்ரோகிராம் சுஃபென்டனில் (இதுவும் ஓபியாய்டுதான்) மாத்திரைக் கருவி, இரண்டு மாத்திரைகளுக்கிடையே 20 நிமிடம் பூட்டிக்கொள்ளும். ஐரோப்பாவில் அதற்கு 2015இல் ஒப்புதல் தந்தார்கள். குழாய் இல்லாமல் எழுந்து நடக்கலாம் என்பது பெரிய வசதிதான். இருந்தாலும் அறுவை முடிந்த இரவில் என் வாய் வறண்டு கிடந்த நிலையை நினைத்தால், மாத்திரை எனக்கு ஒத்துவந்திருக்குமா என்பது சந்தேகமே.

எந்த வழி பொருந்தும் என்பதை மருந்தின் வீரியத்தைவிட நோயாளியின் உடல்நிலையே பெரிதும் முடிவுசெய்கிறது. சிறுநீரகம் பழுதானவருக்கு மார்ஃபினின் கழிவு உடலில் தேங்கும் என்பதால் ஃபென்டனிலை நாடுவார்கள். தூக்கத்தில் மூச்சுத் தடைபடுபவரைக் கூடுதலாகக் கண்காணிக்க வேண்டும். அறுவைக்கு முன் மயக்கமருந்து மருத்துவர் இதையெல்லாம் வரிசையாகக் கேட்டபோது, குறட்டை விடுவீர்களா என்ற கேள்விக்கு அப்பா தயங்காமல் இல்லையென்றார். பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாதான், "டாக்டர், பக்கத்து அறை வரைக்கும் கேட்கும்" என்றார்.