நெய் டப்பா பெங்களூர் அல்சூரிலேயே இருக்கிறது

அக்காவுக்கு அடுத்த மாதம் பிரசவம். பிரிட்டனில் அவள் இருக்கும் பர்மிங்காமுக்குக் கிளம்புகிற அம்மா, இரண்டு லிட்டர் நெய்யை எவர்சில்வர் தூக்கில் ஊற்றி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, புடவைகளுக்கு நடுவே வைத்துவிட்டார். இந்தியாவிலிருந்து பால் பொருளோ இறைச்சியோ அங்கே கொண்டுபோகவே கூடாது என்று நான் சொன்னதும் வந்ததே கோபம். "நெய் இல்லாமல் எப்படிடா லேகியம் கிளறுவது?"

எனக்கு அந்தச் சட்டத்தின் மேல் கோபம் வரவில்லை. கால்நடை நோய் உள்ளே வராமல் தடுக்கத்தான் அது. தேன்கனிக்கோட்டையில் சித்தப்பா வீட்டு மாட்டுக்குக் கோமாரி என்கிற கால்-வாய் நோய் வந்ததைப் பார்த்தவன் நான். எச்சில் கயிறு மாதிரி தொங்கும், நாக்குத் தோல் உரிந்திருக்கும், குளம்பு நடுவே புண், காலைத் தூக்கித் தூக்கி உதறும். தொட்டி வரைக்கும் வந்து, தண்ணீரில் வாய் வைக்க முடியாமல் திரும்பிப் போகும். சித்தி சீரகம், வெந்தயம், மிளகை ஊறவைத்து மஞ்சள், பூண்டு, தேங்காய், வெல்லத்தோடு அரைத்து நாக்கில் தடவிக்கொண்டே இருந்தார். மாடு பிழைத்தது, கன்று போய்விட்டது. பழைய கறவை திரும்பவே இல்லை.

கோமாரி மனிதருக்கு வருவது மிக அரிது, ஆனால் செருப்பு, வண்டிச் சக்கரம், பால், இறைச்சி என்று எதிலும் ஏறிப் போகும். 2001-இல் பிரிட்டனில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றார்கள். திருட்டுத்தனமாக வந்த இறைச்சியின் மிச்சத்தைச் சரியாக வேகவைக்காமல் பன்றிகளுக்குப் போட்டதில்தான் அது தொடங்கியிருக்கும் என்பது அங்கே வந்த முடிவு. 2025 ஜனவரியில் பெர்லின் பக்கம் ஒரு எருமை மந்தையில் கோமாரி, ஜெர்மனியில் 1988-க்கு அப்புறம் முதல்முறை. பிரிட்டனும் தென்கொரியாவும் உடனே அங்கிருந்து வரும் இறைச்சி இறக்குமதியை நிறுத்தின. ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வருகிற பயணி கையில் ஒரு சீஸ் சாண்ட்விச்கூட இருக்கக் கூடாது என்று பிரிட்டன் சொல்லிவிட்டது.

காய்ச்சிய நெய்யில் கிருமி எங்கே பிழைக்கும் என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான், ஆனால் விமான நிலையத்தில் நிற்பவர் ஒவ்வொரு தூக்கையும் திறந்து அது எப்படிக் காய்ச்சியது என்று பார்க்க முடியுமா?

என் வருத்தமெல்லாம் வேறு. கோமாரித் தடுப்பூசி நம் நாட்டிலேயே தயாராகிறது. 2019-இலிருந்து நாடு முழுக்க இலவசமாகப் போடுகிறார்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை. அப்படியும் ஊசி போட வருகிற அன்றைக்குக் கறவை குறைந்துவிடும் என்று மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். சித்தப்பாவும் அதைத்தான் செய்தார்.

அம்மா சுக்கு, திப்பிலி, கருப்பட்டி மட்டும் எடுத்துக்கொண்டார், அங்கே வெண்ணெய் வாங்கி உருக்கிக்கொள்வாராம். நேற்று சித்தப்பாவுக்குப் போன் செய்து அடுத்த ஊசி எப்போது என்று கேட்டேன். கால்நடை மருந்தகத்தில் விசாரித்துச் சொல்கிறேன் என்றார். நாளைக் காலையில் திரும்பவும் கூப்பிடுவேன்.