ரத்தத்திலிருந்து டி செல் வளர்த்த அனுபவம்

மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்காக, நோயாளியின் ரத்தத்திலிருந்தே டி செல்களை (நோயை எதிர்க்கும் வெள்ளணு வகை) பிரித்து வளர்த்துத் திருப்பி ஏற்றுகிற ஆய்வு ஒன்றில், அமெரிக்காவில் கொஞ்ச காலம் வேலை பார்த்தேன்.

சேர்ந்த புதிதில் செல்லைத் தொடவே விடவில்லை. செல்லுக்குப் பதிலாகக் கிருமி வளரும் திரவத்தை வைத்து எல்லா வேலையையும் செய்துகாட்ட வேண்டும். 14 நாள் கழித்தும் அது கலங்காமல் இருந்தால்தான் தேர்ச்சி. அங்கி மாட்டுவதற்கே தனிப் பரீட்சை!

அப்புறம்தான் நிஜ வேலை. லுகாபெரிசிஸ் இயந்திரம் வெள்ளணுக்களைப் பிரித்துக்கொண்டு மீதி ரத்தத்தை நோயாளிக்கே திருப்பிவிடும். எங்களுக்கு வருவது ஒரு பை. பெயர் இருக்காது, குறியீடு மட்டும். இரண்டு பேர் அதை உரக்கப் படித்துச் சரிபார்ப்போம். ஒருவர் செல் இன்னொருவருக்குப் போய்விடக் கூடாதே.

மையவிலக்கில் சுழற்றினால், கூடவே வந்த கொஞ்சம் சிவப்பணு அடியில் தங்கும், மேலே மஞ்சளாகப் பிளாஸ்மா என்ற ரத்த நீர், இடையில் மங்கலாக ஒரு வெள்ளை வளையம். வெள்ளணுக்கள் இருக்கும் அதைத்தான் பிப்பெட் என்ற உறிஞ்சு குழாயால் எடுக்க வேண்டும். கை நடுங்கினால் போச்சு. அதிலும் மெலனோமாவை அடையாளம் காணும் டி செல் மிகச் சொற்பம். அதனால் அதே நோயாளியின் மோனோசைட்டுகளை (இன்னொரு வகை வெள்ளணு), எதிரியை டி செல்லுக்கு அடையாளம் காட்டும் டென்ட்ரிட்டிக் செல்களாக மாற்றி, புற்றுப் புரதத்தின் துணுக்கை அவற்றின் மேல் ஏற்றி, டி செல்களுக்குக் காட்டுவோம். இனம் கண்டவை பெருகும்.

37 டிகிரியில் வைத்த, செல்லுக்குத் தீனியான வளர்ப்புத் திரவம் சிவப்பிலிருந்து மஞ்சளானால் மாற்ற வேண்டும். ஞாயிறு, தேங்க்ஸ்கிவிங் பண்டிகை என்று லீவு எதுவும் கிடையாது. மைக்ராஸ்கோப்பில் திராட்சைக் கொத்து மாதிரி திரண்டிருந்தால் அன்றைக்கு நிம்மதி. சிலருடைய செல் என்ன செய்தாலும் வளராது. மருத்துவரிடம் அதைச் சொல்வதுதான் இந்த வேலையில் எனக்குப் பிடிக்காத பகுதி.

சியாட்டிலின் ஃபிரெட் ஹட்சின்சன் புற்றுநோய் ஆய்வு மையத்தில் கேசியன் யீ என்ற ஆய்வாளரின் குழு, நுரையீரல் வரை மெலனோமா பரவிய 52 வயதுக்காரருக்கு அவர் ரத்தத்திலிருந்தே வளர்த்த சுமார் 500 கோடி சிடி4 செல்களை (டி செல்லில் ஒரு வகை) ஏற்றியதாக 2008-ல் அறிவித்தது. இரண்டு மாதத்தில் ஸ்கேனில் கட்டி இல்லை. ஒரே ஒருவர்தான், அதைப் பெரிதாக்கக் கூடாது. ஆனால் வளர்த்துப் பார்த்தவனுக்கு அந்த 500 கோடியே மலைப்பு. 2024-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த லிஃபிலூசெல் என்ற மெலனோமா சிகிச்சை, கட்டியை வெட்டியெடுத்து அதிலுள்ள செல்களை வளர்க்கும் முறை. ரத்தம் என்றால் அந்த அறுவை தேவையில்லை, ஆனால் தேடல் அதிகம்.

வளர்ந்த செல் பை நோயாளிக்குக் கிளம்புமுன் கிருமி, மைக்கோபிளாஸ்மா (மிகச் சிறிய பாக்டீரியா), எண்டோடாக்சின் (பாக்டீரியா நச்சு) சோதனைகள். ஒன்றில் தவறினாலும் வாரக்கணக்கான உழைப்பு குப்பைக்கு. தேறினால் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு, அடுத்த குறியீட்டுக்குத் தீனி கலக்கப் போவோம்.