கோலைத் தூக்காதே, கயிற்றை இழு

கனடாவிலும் பினாங்கிலும் ஒரே மாதத்தில் வேலை கிடைத்தது. அப்பா கனடாவுக்குப் போகச் சொன்னார். அவர் மனத்தில் இருந்தது ஸ்கீனா ஆறு. அங்கே ஸ்டீல்ஹெட் மீன் ஏறி வரும். எங்கள் நீலகிரி அவலாஞ்சி ஏரியில் நீந்தும் வானவில் டிரவுட்டும் அதுவும் ஒரே இனம்தான். ஸ்டீல்ஹெட் மட்டும் கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிடப் பிறந்த ஆற்றுக்குத் திரும்பும். நீலகிரிக்கு டிரவுட்டே வந்தேறிதான். 1907-இல் எச். சி. வில்சன் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்தார். அந்த ஏரிக்கரையில்தான் அப்பா எனக்கு ஃபிளை வீசக் கற்றுக்கொடுத்தார். கொக்கியில் இறகும் நூலும் சுற்றிய பொய்ப் பூச்சி அது.

அம்மாவுக்கு உடல்நிலை சரியில்லை. பக்கத்தில் இருக்கும் பினாங்கையே தேர்ந்தேன்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை, பதினான்காம் மாடி வீடு, இரவிலும் இறங்காத புழுக்கம். தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினாலே டிரவுட் திணறத் தொடங்கும். இங்கே குழாய்த் தண்ணீரே அதைவிடச் சூடு. அப்பா கொடுத்தனுப்பிய தூண்டில் கோலை உறையோடு கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். ஓராண்டு அதைத் தொடவில்லை.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் ஒரு தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்றவர் குளிம் பக்கத்துத் தோட்டத்துக்காரர். பெற்றோர் ரப்பர்ப் பால்மரம் சீவியவர்கள். அவர் அல்லூரில், அதாவது தோட்டத்து வாய்க்காலில், விரால் பிடித்து வளர்ந்தவர். இப்போது தெமெங்கோர் ஏரிக்கு ஆட்களை அழைத்துப்போய் மீன் பிடிக்க வழிகாட்டுகிறார். என் கோலைப் பற்றிச் சொன்னதும், "கொண்டு வா தம்பி, தோமானைக் காட்டுகிறேன்" என்றார்.

தோமான் விராலின் பெரிய பங்காளி. பல் கூர்மை, நூல் முனையில் கம்பி கட்டாவிட்டால் அறுத்துவிடும். கோலின் எண் கூடக் கூட வலுவும் கூடும். என் 5 எண் கோலை அந்த வழிகாட்டி அண்ணன் கையில் வாங்கிப் பார்த்து மெல்லத் திருப்பித் தந்தார். தம்முடைய 8 எண் கோலைக் கொடுத்தார்.

விடியுமுன் பாலத்தைக் கடந்து, பாலிங், கிரிக் வழியாகப் பண்டிங் படகுத்துறைக்குப் போனோம். அணை கட்டியபோது மூழ்கிய காட்டின் பட்ட மரங்கள் இன்னும் நீருக்கு மேலே நிற்கின்றன. அவற்றுக்கிடையே மோட்டாரை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம். தோமான் செவுளால் மட்டும் வாழாது. காற்றுக் குடிக்க மேலே வந்தாக வேண்டும். நீரில் வளையம் தெரிந்த ஓரிரு நொடிக்குள் ஃபிளை அதன் முன்னே விழ வேண்டும். டிரவுட்டுக்கு நான் நாலைந்து முறை காற்றில் கயிற்றை ஆட்டி, அழகு பார்த்து வீசுவேன். இங்கே ஒரு முறை பின்னே, ஒரு முறை முன்னே, அவ்வளவுதான்.

செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாகக் கொப்பளித்த இடத்தில் அண்ணன் என்னை வீச விடவில்லை. அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அவற்றைப் பிடித்தால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும் என்றார். அவர்மேல் எனக்கு மதிப்பு வந்தது அந்த இடத்தில்தான்.

மூன்று மீன்கள் கடித்தன, மூன்றும் போயின. கடித்த நொடியில் என் கை தானாகக் கோலைத் தூக்கியது. டிரவுட்டின் மெல்லிய வாய்க்கு அது போதும். தோமானின் தாடை எலும்பில் கொக்கி ஏற வேண்டுமானால், கோல் மீனையே நோக்கி இருக்க, இடக்கையால் கயிற்றை ஓங்கி இழுக்க வேண்டும். "தூக்காதே, இழு" என்று அண்ணன் ஒவ்வொரு முறையும் பொறுமையாகச் சொன்னார். இருபது ஆண்டுப் பழக்கத்தைக் கையிலிருந்து கழற்றுவது எளிதாக இல்லை.

அடுத்த இரண்டு மாதங்கள் அடுக்ககத்துக்கு எதிரே உள்ள திடலில் மாலைதோறும் வீசினேன். பையன்கள் பந்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். அவர்களில் ஒருவன் கயிற்று முனையைப் பிடித்துக்கொண்டு மீனாக ஓடுவான், நான் இழுப்பேன். பினாங்கில் எனக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடும் மனிதர்கள் கிடைத்தது அந்தத் திடலில்தான்.

இரண்டாம் பயணத்தில், காலை ஒன்பது மணிக்கு, ஒரு தோமான் படகுக்கு வந்தது. கருநீல முதுகு, வெள்ளை வயிறு. அண்ணன் அதை நீரிலேயே தாங்கிப் பிடித்துக் கொக்கியைக் கழற்ற, அது வாலால் எங்கள் இருவரையும் நனைத்துவிட்டுப் போயிற்று.

அன்றிரவு அப்பாவுக்குப் படம் அனுப்பினேன். உடனே அழைத்தார்.

"தண்ணீர் எப்படி இருந்தது?"

"வெதுவெதுப்பாக இருந்தது, அப்பா."

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டார்: "அந்தத் தம்பியிடம் கேட்டுச் சொல். எனக்கும் 8 எண் கோல் வேண்டுமா?"