டப்பா எழுதுகிறேன்

பெயர் போட்டு எழுதினால் உங்களில் பாதிப் பேருக்கு நான் யாரென்று தெரியாது. டப்பா என்றால் தெரியும். போன வருடம் ஷார்ஜாவில் நடந்த சங்கக் கூட்டத்தில், பேரன் எடுத்துவிட்ட ஒரு பெரிய மனிதர், என் மனைவி பக்கத்தில் நிற்கும்போதே "டேய் டப்பா!" என்று கத்தினார். வீடு திரும்பும் வழியெல்லாம் அவளுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டே வந்தேன். கார்த்திகையில், நமக்குத் தகட்டு வேலை கற்றுக்கொடுத்த சார் போய்விட்டார் என்று செய்தி வந்தது. சங்க மலருக்கு எழுதச் சொன்னார்கள். அவர் வைத்த பெயரிலேயே எழுதுகிறேன்.

இரண்டாம் வருடம். சதுரம் தேய்த்து, புனல் செய்து, ரெக்கார்டில் கையெழுத்தும் வாங்கிவிட்ட திமிர். அப்போதுதான் அந்த அம்பாசடர் காரின் பானட், அதாவது என்ஜின் மூடி, பட்டறைக்கு வந்தது. நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒடுக்கு. "நானே எடுக்கிறேன் சார்" என்று முந்திக்கொண்டேன். டாலி என்கிற கையடக்க இரும்புக் கட்டையை அடியில் அண்டக் கொடுத்து, அதற்கு நேர் மேலே சுத்தியலால் அடி அடியென்று அடித்தேன். பதினோரு மணி டீக்குக்கூடப் போகவில்லை. சாயங்காலம் பார்த்தால் ஒடுக்கைக் காணோம். ஆனால் கட்டைவிரலால் அழுத்தினால் டப்பென்று உள்ளே போனது. விட்டால் டப்பென்று வெளியே வந்தது. எண்ணெய் டின் மூடி தோற்றது.

சார் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். வகுப்பில் முப்பது பேரையும் வரிசையாக வரச் சொல்லி, ஆளுக்கொரு தடவை அழுத்தச் சொன்னார். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, மொத்தம் அறுபது டப். எண்ணிக்கொண்டே நின்றேன்.

"தகடு கூடிப்போச்சுடா" என்றார். "ரெண்டு இரும்புக்கு நடுவுல போட்டு நசுக்குனா சப்பாத்தி மாதிரி பரவத்தானே செய்யும்? சுத்தி இருக்கிற இடம் அதேதான். எங்கிட்டுப் போகும்? துள்ளும்."

மறுநாள் காலை பானட்டை நிழலுக்குத் தூக்கச் சொன்னார். வெயிலில் தகட்டின் சிவப்பு தெரியாது. தெரிகிறபோது சூடு மிஞ்சியிருக்கும். கேஸ் டார்ச்சில் சின்ன நாசில். துருத்தி நின்றதில் உச்சியான இடத்தை விரலால் தடவிக் கண்டுபிடித்து, எட்டணாக் காசு அளவுக்கு மட்டும் காட்டினார். நீலம் ஓடி, மங்கலாகச் சிவந்து, அந்த இடம் குமிழ் மாதிரி எழும்பியது. டார்ச்சை என் கையில் திணித்துவிட்டு, அடியில் டாலியை லேசாகத் தாங்கி, குமிழைச் சுற்றி நாலு தட்டு, மேலே ஒரு தட்டு. உடனே ஈரத்துணி. அவருடைய பழைய வேட்டிக் கிழிசல்தான். கரை அப்படியே இருக்கும். சுர்ரென்று ஆவி.

"மாசி வீதியில தேர் வரும்போது நடுவுல மாட்டிக்கிட்டவன் கையைக் காலை நீட்ட முடியுமா? சூடான இடமும் அப்படித்தான். விரியப் பார்க்கும், சுத்தி இருக்கிற சூடு படாத தகடு விடாது. தனக்குள்ளயே தடிக்கும். குளிரும்போது சுருங்கும் பாரு, அப்ப சுத்தி இருக்கிறதையும் சேர்த்து இழுத்துக்கும்."

வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுகிற மாதிரியா என்று கேட்டேன். பட்டை ஆறினால் பழைய அளவுக்குத்தான் வரும், இது அதற்கும் கீழே போகும் என்றார். மூன்று இடம் வைத்ததும் துள்ளல் நின்றது. நான் ஆசையில் நாலாவதுக்கு டார்ச்சை நீட்ட, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "போதும். ஆறட்டும்." மிஞ்சிச் சுருக்கினால் பக்கத்துத் தகடு வலித்துக்கொண்டு நெளியும், அப்புறம் அதை அடித்து நீட்ட வேண்டும் என்பது இங்கே வந்து என் கைக்காசு போனபோதுதான் புரிந்தது.

தெப்பக்குளம் பக்கம் சின்னதாக ஒரு பட்டறை போடு, ஊர் முழுக்க அம்பாசடர் இருக்கு என்றார் கடைசி நாளில். என் பாஸ்போர்ட் அதற்குள் ஏஜென்ட்டிடம் போயிருந்தது. தலையாட்டிவிட்டு வந்தேன்.

2014-ல் அம்பாசடர் தயாரிப்பு நின்றபோது அவருக்கு போன் செய்தேன். வண்டியைப் பற்றி இரண்டு வார்த்தை. பிறகு, அங்கே எப்படிடா சுருக்குறீங்க என்றார். கிரைண்டரில் வழவழப்பான ஸ்டெயின்லெஸ் தட்டை மாட்டி ஓட்டுவோம், மேடாக இருக்கிற இடம் மட்டும் உரசிச் சூடாகும், பள்ளத்தைத் தொடாது என்றேன்.

"ஈரத்துணி?"

"வைக்கணும் சார்."

"அப்ப நம்ம வேலைதான்" என்று சிரித்தார். வரும்போது ஒரு தட்டு கொண்டு வா என்றார்.

வாங்கினேன். ஒன்பது அங்குலத் தட்டு. அதற்குப் பிறகு இரண்டு முறை ஊருக்குப் போனேன். இரண்டு முறையும் பெட்டி எடை மிஞ்சியது என்று எடுத்து வைத்துவிட்டேன். பேரீச்சம்பழம் போனது, டாங் பவுடர் போனது, மச்சினனுக்குத் தைலம் போனது.

நேற்று பட்டறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். அரைக் கிலோகூட வரவில்லை.