சமுதாயக் கல்லூரி கிரெடிட்டும் பேரிடர் மேலாண்மைப் பட்டமும்: டெக்சாஸ் அனுபவம்

ஹூஸ்டன் பக்கத்தில் ஒரு சமுதாயக் கல்லூரியில் (முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களை மலிவாகத் தரும் கல்லூரி) தொடங்கி, அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு மாறி, பேரிடர் மேலாண்மையில் இளநிலைப் பட்டம் வாங்கினேன். 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் ஊரை மூழ்கடித்த பிறகு எங்கள் தமிழ்க் குடும்பங்களிலும் இந்தப் படிப்பைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. பெற்றோர் “இதில் என்ன வேலை கிடைக்கும்?” என்பார்கள். பிள்ளைகள் கேட்பது வேறு: “அக்கா, அங்கே எடுத்த கிரெடிட் எல்லாம் இங்கே செல்லுமா?”

செல்லும். ஆனால் கிரெடிட், அதாவது ஒவ்வொரு பாடத்தையும் முடித்தால் கிடைக்கும் படிப்பு அலகு, ஏற்கப்படுவது வேறு, அது பட்டத்துக்குக் கணக்காவது வேறு. “எல்லாம் மாறிவிட்டது” என்று பல்கலைக்கழகம் கடிதம் அனுப்பும். பட்டத்துக்கு எது நிறைவேறியது, எது பாக்கி என்று காட்டும் பட்டத் தணிக்கைப் பக்கத்தைத் திறந்தால், பாதிப் பாடங்கள் எந்தத் தேவையையும் நிரப்பாமல் கடைசியில் ‘விருப்பப் பாடம்’ என்ற தலைப்பின் கீழ் கிடக்கும். அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் 2017-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறியவர்கள், எல்லா வகைக் கல்லூரிகளையும் சேர்த்து, சராசரியாக 43 சதவீத கிரெடிட்டை இழந்தார்கள் என்பது அதன் மதிப்பீடு.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். இளநிலைப் பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட். சமுதாயக் கல்லூரியிலிருந்து 66-க்கு மேல் ஏற்க வேண்டிய கட்டாயம் டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு இல்லை. பட்டத்தில் கால் பங்காவது, அதாவது 30 கிரெடிட், பட்டம் தரும் இடத்திலேயே படித்ததாக இருக்க வேண்டும் என்பது தென்மாநிலக் கல்லூரிகளின் அங்கீகார அமைப்பு வைத்திருக்கும் விதி. போதாக்குறைக்கு, 3000, 4000 என்று எண் தொடங்கும் மேல்நிலைப் பாடங்கள் இத்தனை வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. அவை சமுதாயக் கல்லூரியில் பெரும்பாலும் கிடைக்கா. ஆகவே எவ்வளவு சாமர்த்தியம் காட்டினாலும் பல்கலைக்கழகத்தில் ஏறக்குறைய இரண்டு ஆண்டு இருந்தே தீர வேண்டும். மூன்றாம் ஆண்டையும் சமுதாயக் கல்லூரியில் மலிவாக ஓட்டிவிடலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

மிகப் பத்திரமான முதலீடு, ‘கோர்’ எனப்படும் 42 கிரெடிட் பொதுப் பாடத் தொகுப்பு. அதை முழுதாக முடித்துவிட்டால் மாநிலத்தின் எந்த அரசுப் பல்கலைக்கழகமும் மொத்தமாக ஏற்றாக வேண்டும். முடித்ததாக டிரான்ஸ்கிரிப்டில் (கல்லூரி தரும் பாட, மதிப்பெண் பதிவேடு) குறிப்பு ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே அதை அனுப்பச் சொல்லுங்கள். பாட எண்ணைப் படிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்க வரலாறு 1301 என்றால் முதல் இலக்கமான 1 முதலாண்டுப் பாடம் என்பதையும், அடுத்த 3 மூன்று கிரெடிட் என்பதையும் சொல்கிறது. இந்தப் பொது எண்முறையில் உள்ள பாடம் மாநிலம் முழுக்க ஒரே பாடமாகக் கொள்ளப்படும். கணிதத்துக்கு என் யோசனை 1342, அதாவது அடிப்படைப் புள்ளியியல். வெள்ள அபாய வரைபடத்தைப் படிப்பவருக்குக் கால்குலஸை விட அதுதான் கைகொடுக்கும். எதற்கும் நீங்கள் போகப்போகும் துறையின் பட்டத்திட்டத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

சமுதாயக் கல்லூரியில் இந்தத் துறையின் ஆங்கிலப் பெயரான ‘எமர்ஜென்சி மேனேஜ்மென்ட்’ என்பதையே தாங்கிய பாடங்கள் இருக்கும். ஆசைப்பட்டு அவற்றை வரிசையாக எடுப்பார்கள். அவற்றில் பல தொழிற்பயிற்சிப் பட்டியலைச் சேர்ந்தவை. கல்விப் பட்டியல் வேறு, தொழிற்பயிற்சிப் பட்டியல் வேறு, இரண்டாவதில் உள்ள கிரெடிட் பல்கலைக்கழகத்துக்குத் தானாக மாறாது. துறையின் பெயரைத் தாங்கிய பாடம்தான் முதலில் நழுவும் என்பது கேட்க வேடிக்கையாக இருக்கலாம், ஆனால் நிலவரம் அதுதான். பயன்பாட்டு அசோசியேட் பட்டம் (சமுதாயக் கல்லூரி தரும் இரண்டாண்டுத் தொழிற்பட்டம்) ஏற்கெனவே கையில் இருந்தால், ‘பேச்சலர் ஆஃப் அப்ளைடு ஆர்ட்ஸ் அண்ட் சயின்சஸ்’ என்ற பட்டத்தைத் தேடுங்கள். தொழிற்பயிற்சி கிரெடிட்டையும் உள்ளே எடுத்துக்கொள்ளும் வகை அது.

என்னுடைய ‘அவசர மேலாண்மை அறிமுகம்’ பாடமும் முதலில் வெறும் விருப்பப் பாடமாகத்தான் பதிவானது. துறை ஒருங்கிணைப்பாளரிடம் சிலபஸை எடுத்துச் சென்றேன். அவர் பாடத்தின் தலைப்பைக் கண்டுகொள்ளவே இல்லை. நேராக வாரவாரி அட்டவணைக்குப் போய், தணிப்பு, ஆயத்தம், எதிர்வினை, மீட்பு ஆகிய நான்கு கட்டங்களுக்கும் எத்தனை வாரம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று விரலை வைத்து எண்ணினார். பிறகு பாடநூல் எது, எழுத்துப்பணி என்ன என்று கேட்டார். மாவட்ட அவசரச் செயல்திட்டம் ஒன்றை விமர்சித்து நான் எழுதிய கட்டுரையைப் புரட்டிவிட்டு, அங்கேயே விண்ணப்பத்தில் கையெழுத்திட்டார். துறையின் முதல் கட்டாயப் பாடம் அப்படி நிறைவேறியது. அதனால் எடுக்கும் ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும் அந்தந்தப் பருவத்திலேயே கோப்பாகச் சேமித்து வையுங்கள். கல்லூரி இணையதளத்தில் பழையது எப்போதும் கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது. ஒன்று மட்டும்: பல்கலைக்கழகத்தில் அதே பாடம் 3000 எண்ணில் இருந்தால், இந்த வழி பெரும்பாலும் எடுபடாது.

கூட்டாட்சி அவசர மேலாண்மை முகமையான ஃபீமா இணையத்தில் இலவசமாக நடத்தும் ஐ.எஸ்.-100, 200, 700, 800 போன்ற பாடங்களின் சான்றிதழ்களைக் கட்டுக்கட்டாகச் சேர்ப்பவர்கள் உண்டு. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அவை உதவும், பல இடங்களில் கேட்கவே செய்வார்கள். ஆனால் ஃபீமா கிரெடிட் தருவதில்லை. கட்டணம் வாங்கிக்கொண்டு அவற்றைக் கிரெடிட்டாக மாற்றித்தரும் கல்லூரிகள் உண்டு என்றாலும், அந்த கிரெடிட்டை உங்கள் பல்கலைக்கழகம் பட்டத்தின் எந்தத் தேவைக்குக் கணக்கில் எடுக்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்காமல் பணம் கட்டாதீர்கள்.

எஃப்-1 விசாவில் வரும் மாணவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தத் துறையில் முழுக்க இணையவழியில் நடக்கும் பட்டங்கள் ஏராளம். விசா விதிப்படி ஒரு பருவத்தின் முழுநேரக் கணக்கில் ஒரே ஓர் இணையவழிப் பாடம், அதிகபட்சம் மூன்று கிரெடிட், மட்டுமே சேரும். நேரடி வகுப்பு நடத்தும் பல்கலைக்கழகமாகப் பாருங்கள். டென்டனில் உள்ள வடக்கு டெக்சாஸ் பல்கலைக்கழகம், 1983-இல் இத்துறையில் நாட்டின் முதல் இளநிலைப் பட்டத்தைத் தொடங்கிய இடம், தேடலை அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

பழைய கல்லூரியின் மதிப்பெண் சராசரி பெரும்பாலும் உங்களோடு வராது, கிரெடிட் மட்டுமே வரும். ‘சி’-க்குக் கீழே வாங்கிய பாடத்தைப் பல துறைகள் ஏற்பதில்லை. அசோசியேட் பட்டம் முடிக்காமல் மாறிவிட்டவர்களுக்கு ‘ரிவர்ஸ் டிரான்ஸ்ஃபர்’ என்ற வசதி இருக்கிறது. சமுதாயக் கல்லூரியில் 30 கிரெடிட்டாவது எடுத்து, மொத்தம் 66-ஐத் தொட்டதும், உங்கள் ஒப்புதலோடு பல்கலைக்கழகம் டிரான்ஸ்கிரிப்டைப் பழைய கல்லூரிக்கு அனுப்பும். தகுதி சரியாக இருந்தால் அவர்கள் அந்தப் பட்டத்தைக் கொடுத்துவிடுவார்கள். மாவட்ட அலுவலகங்களில் பகுதிநேர வேலை தேடும்போது அது விண்ணப்பத்தில் ஒரு வரி கூடும்.