எஃப்சீக் கேள்விக்கு ஒரு பென்சில் கணக்கு

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் சி ப்ரோக்ராமிங் பாடத்தின் ஐந்தாம் யூனிட் ஃபைல் ப்ராசஸிங். முதல் நான்கு யூனிட் போதும் என்று இதை விட்டுவிடுகிறவர்கள் நிறைய. தேர்வின் பார்ட் பி-யில் ஐந்து கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 13 மதிப்பெண். வழக்கமாக யூனிட்டுக்கு ஒரு கேள்வி வரும். அதிலும் ரேண்டம் ஆக்சஸ் ஃபைல், அதாவது ஃபைலுக்குள் வேண்டிய இடத்துக்கு நேரடியாகப் போய்ப் படிப்பதும் எழுதுவதும், புரிந்துகொண்டால் முழு மதிப்பெண்ணை அள்ளித் தரும் பகுதி. அதனால் விடாதீர்கள்.

அப்படி வேண்டிய இடத்துக்கு நகர்த்தும் ஃபங்க்ஷன்தான் எஃப்சீக். அதன் சின்டாக்ஸை மனப்பாடம் செய்வதில் பெரிய வேலை இல்லை. ஃபைல் பாயின்டர், எத்தனை பைட் நகர வேண்டும், எங்கிருந்து நகர வேண்டும் என்று மூன்றே மூன்று ஆர்க்யுமென்ட். எங்கிருந்து என்பதற்கு சீக் செட் என்றால் ஃபைலின் தொடக்கம், சீக் கர் என்றால் இப்போது நிற்கும் இடம், சீக் எண்ட் என்றால் முடிவு. ஃபைலுக்குள் அடுத்துப் படிக்கும் அல்லது எழுதும் இடத்தை இங்கே சுருக்கமாகப் பாயின்டர் என்கிறேன்; அது இந்த நொடியில் எங்கே நிற்கிறது என்பதுதான் உண்மையான கேள்வி. எனக்குக் கைகொடுத்த வழி, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பாயின்டரின் எண்ணைப் பென்சிலால் எழுதுவது.

ஒரு ஃபைலில் ஏ முதல் ஜே வரை பத்து ஆங்கில எழுத்துகள் இருக்கின்றன. இடங்கள் 0 முதல் 9 வரை. தொடக்கத்திலிருந்து 3 நகர்த்தினால் பாயின்டர் 3. ஓர் எழுத்தைப் படித்தால் டி வரும். இங்கேதான் கவனம் வேண்டும்: படித்து முடித்ததும் பாயின்டர் 4-க்குப் போய்விடும். இப்போது சீக் கர் கொடுத்து 2 நகர்த்தினால் 6, படித்தால் ஜி. பாயின்டர் 3-லேயே நிற்பதாக நினைத்துக் கணக்குப் போட்டவர் எஃப் என்று எழுதுவார். முடிவிலிருந்து -1 என்றால் 9, அதாவது ஜே. முடிவிலிருந்து 0 என்றால் கடைசி எழுத்தையும் தாண்டிய இடம். அங்கே படித்தால் ஃபைல் முடிந்தது என்று சொல்லும் ஈஓஎஃப்தான் கிடைக்கும்.

அடுத்து, 13 மதிப்பெண்ணுக்கு வரும் வங்கிக் கணக்கு ப்ரோக்ராம். ஒருவரின் விவரம் ஒரு ரெக்கார்டு: கணக்கு எண் இன்ட் (முழு எண்), பெயர் 20 கேரக்டர், இருப்பு ஃப்ளோட் (தசம எண்). இன்ட்டும் ஃப்ளோட்டும் நான்கு நான்கு பைட் என்றால் ஒரு ரெக்கார்டு 28 பைட். மூன்றாவது ரெக்கார்டு வேண்டுமென்றால் தொடக்கத்திலிருந்து (3-1) × 28 = 56. அந்த ரெக்கார்டை எஃப்ரீட் ஃபங்க்ஷனால் படித்ததும் பாயின்டர் 84-இல் நிற்கும். இருப்பை மாற்றிவிட்டு அப்படியே எஃப்ரைட் ஃபங்க்ஷனால் எழுதினால் நான்காவது ஆளின் கணக்கு அழிந்துவிடும்! அதனால் எழுதுவதற்கு முன் 56-க்குத் திரும்ப வேண்டும். இந்த ஒரு வரியை விட்டால் ப்ரோக்ராமே தப்பு. சி மொழியின் விதிப்படியும் ஒரே ஃபைலில் படித்துவிட்டு உடனே எழுதக் கூடாது. ஃபைலின் முடிவை எட்டியிருந்தால் தவிர, நடுவில் எஃப்சீக் போல பாயின்டரை வைக்கும் ஒரு ஃபங்க்ஷன் அழைப்பு இருந்தே ஆக வேண்டும்.

28 என்ற எண்ணை ப்ரோக்ராமில் நேரடியாகப் போடாமல், எத்தனை பைட் என்று கணக்கிட்டுத் தரும் சைஸ்ஆஃப் போடுங்கள். பெயரை 21 கேரக்டர் ஆக்கிப் பாருங்கள். கையால் கூட்டினால் 29 வரும், ஆனால் வழக்கமான கம்பைலர்களில் சைஸ்ஆஃப் 32 என்று சொல்லும். ஃப்ளோட்டை நான்கின் மடங்கான இடத்தில் வைப்பதற்காகக் கம்பைலர் இடையில் 3 பைட் சேர்த்துக்கொள்கிறது.

ஃபைலைத் திறக்கும் மோடையும் பார்த்துக்கொள்ளுங்கள். இருக்கும் ரெக்கார்டைத் திருத்த, படிக்கவும் எழுதவும் விடும் 'ஆர்பி ப்ளஸ்'. 'டபிள்யூ' ஆனாலும் 'டபிள்யூ ப்ளஸ்' ஆனாலும் பழைய டேட்டா போய்விடும். 'ஏ' மோடில் பாயின்டரை எங்கே நகர்த்தினாலும் எழுதுவது கடைசியில்தான் போய்ச் சேரும்.

இரண்டு மதிப்பெண்ணுக்கு ரிவைண்டுக்கும் எஃப்சீக்குக்கும் வித்தியாசம் கேட்டால், இரண்டாலும் தொடக்கத்துக்குப் போகலாம் என்பதோடு நிறுத்தாதீர்கள். எஃப்சீக் வெற்றி என்றால் 0 திருப்பித் தரும். ரிவைண்ட் எதையும் திருப்பித் தராது, ஆனால் பிழை நடந்ததைக் குறிக்கும் எரர் இண்டிகேட்டரைத் துடைத்துவிடும்.

லேபில் உட்காரும்போது ஒவ்வொரு எஃப்ரீட், எஃப்சீக்குக்கும் அடுத்த வரியில், பாயின்டர் நிற்கும் இடத்தைச் சொல்லும் எஃப்டெல்லைப் பிரிண்ட் செய்து, பென்சிலில் எழுதிய எண்ணோடு ஒப்பிடுங்கள். எங்கே மாறுகிறதோ அந்த வரியை மட்டும் மறுபடி பார்த்தால் போதும். அப்புறம், ஃபைலில் எத்தனை ரெக்கார்டு இருக்கிறது என்று வைவாவில் கேட்டால் லூப் எழுதத் தேவையில்லை. முடிவுக்கு நகர்த்தி எஃப்டெல் கேளுங்கள், வந்த எண்ணைச் சைஸ்ஆஃபால் வகுங்கள். 2800 வந்தால் 28 பைட் ரெக்கார்டு 100 இருக்கிறது.