சினைப்பைப் புற்றை ஒளிரவைக்கும் சாயம்

சினைப்பைப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்யும் சர்ஜனுக்குக் கண்ணும் விரல் நுனியும்தான் பெரும்பாலும் துணை. வயிற்றின் உள்ளுறையில், குடல் மேல், உதரவிதானத்துக்கு அடியில் என்று கடுகளவில் சிதறிக் கிடக்கும் துணுக்குகளைப் பார்த்தும் தடவியும் தேடி எடுக்க வேண்டும். எடுக்காமல் விட்டுப்போவது எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு நோயாளியின் ஆயுள் கூடும் வாய்ப்பு உண்டு. ஸ்கேனில் தெரியாதா என்றால், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் துணுக்குகள் சிடி ஸ்கேனில் தப்பிப்போவது சகஜம், அதுவும் வயிற்றைத் திறந்த பிறகு குடல் நகர்ந்துவிடுவதால் படத்தில் பார்த்த இடமும் கண்முன் இருக்கும் இடமும் ஒத்துப்போகாது.

இந்த இடத்தில்தான் ஒளிரும் சாயங்கள் வருகின்றன. எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது ஃபோலிக் அமிலச் சாயத்தின் கதை. பல சினைப்பைப் புற்றுச் செல்கள் தங்கள் மேற்பரப்பில், ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினைப் பிடித்துக்கொள்ளும் ஃபோலேட் ஏற்பிகளை ஏராளமாக வைத்திருக்கும். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் பிலிப் லோ குழுவினர் ஃபோலிக் அமிலத்தோடு ஒரு சாயத்தைக் கோத்துவிட்டார்கள், செல் வைட்டமினைப் பிடித்து இழுக்கும்போது சாயமும் கூடவே உள்ளே போய்விடும். 2011-ல் நெதர்லாந்தின் குரோனிங்கனில் 10 பெண்களிடம் இதைச் சோதித்த முடிவுகள் வெளியாயின. புற்றுத் துணுக்குகள் நிஜமாகவே ஒளிர்ந்தன.

ஆனால் அது பச்சை ஒளி. பச்சையை ரத்தம் விழுங்கிவிடும், போதாததற்கு நம் திசுக்களே அந்த நிறத்தில் லேசாக ஒளிரும், ஆகவே மேலாக இருப்பது தெரியும், கொஞ்சம் அடியில் போனால் மங்கிவிடும். இருட்டில் டார்ச்சை விரலுக்கு அடியில் பிடித்துப் பாருங்கள், வெளியே வருவது சிவப்பு மட்டும்தான். அந்தச் சிவப்பையும் தாண்டி, அகச்சிவப்புப் பக்கம், 700 முதல் 900 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள ஒளியை ரத்தமும் குறைவாகவே விழுங்கும், தண்ணீரும் குறைவாகவே விழுங்கும். அதனால் பச்சைச் சாயத்தைக் கழற்றிவிட்டு, 800-ஐ ஒட்டி ஒளிரும் ஒரு சயனைன் சாயத்தைக் கோத்தார்கள். அதுதான் பாஃபோலாசியனைன். 2021 நவம்பரில் சினைப்பைப் புற்றுக்கும் 2022 டிசம்பரில் நுரையீரல் புற்றுக்கும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி கொடுத்தது.

அகச்சிவப்பில் ஒளிரும் சாயம் புதுசு ஒன்றும் இல்லை. கோடாக் நிறுவனத்தின் ஆய்வகத்தில் பிறந்த இண்டோசயனைன் கிரீன் 1959-லேயே அனுமதி பெற்றது, இன்றைக்கும் ரத்த ஓட்டம், பித்தநாளம், நிணநீர் முடிச்சு பார்க்க அருமையான சரக்கு. ஆனால் அது ரத்தப் புரதத்தில் ஒட்டிக்கொண்டு சில நிமிடங்களில் கல்லீரல் வழியாக வெளியேறிவிடும். புற்றில் கொஞ்சம் தங்கினாலும் அங்கே ரத்தக்குழாய் ஒழுகுவதால் தங்குகிறதே தவிர, இது புற்று என்று அதற்குத் தெரியாது, வீங்கிப்போன திசுவிலும் அப்படித்தான் தங்கும். பளிச்சென்று ஒளிரவைப்பதைவிட, எங்கே போய் உட்கார வேண்டும் என்று சாயத்துக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் கஷ்டம் என்று நான் நினைக்கிறேன்.

ஃபோலேட் சாயத்துக்கும் அந்தப் பாடம் முழுசாக வரவில்லை. சிறுநீரகத்திலும் ஃபோலேட் ஏற்பி உண்டு, அதுவும் ஒளிரும். நிணநீர் முடிச்சுகளில் இருக்கும், கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களிடம் இதே ஏற்பியின் இன்னொரு வகை இருப்பதால் புற்றே இல்லாத முடிச்சும் திரையில் மின்னலாம். ஆமாம், திரையில்தான். இந்த ஒளி வெறும் கண்ணுக்குத் தெரியாது, சர்ஜன் கேமராத் திரையைப் பார்த்துத்தான் வெட்ட வேண்டும். நோயாளி முந்தைய 48 மணி நேரம் ஃபோலிக் அமில மாத்திரை போடக்கூடாது, போட்டால் ஏற்பிகளில் மாத்திரை போய் உட்கார்ந்துகொள்ளும், சாயத்துக்கு இடம் இருக்காது.

அனுமதிக்கு அடிப்படையான சோதனையில், வழக்கமான முறையில் பார்த்தும் தடவியும் தெரியாமல் போன புற்று ஒன்றாவது சுமார் 27 சதவீதப் பெண்களிடம் சாயத்தால் அகப்பட்டது. நாலில் ஒருவருக்கு மேல்! அதே சமயம் ஒளிர்ந்தது எல்லாம் புற்றாக இருக்கவில்லை, தேவையில்லாமல் வெட்டியதும் நடந்தது, அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இன்னொன்று, அனுமதி கிடைத்தது கூடுதலாகப் புற்றைக் கண்டுபிடித்ததற்காக, ஆயுளை நீட்டியதற்காக இல்லை. அந்தப் பெண்களுக்கு நோய் எப்போது திரும்பியது, திரும்பாமலே இருந்தவர்கள் எத்தனை பேர் என்று வருடக்கணக்கில் பின்தொடர்ந்து எழுதப்படும் கட்டுரைக்காகத்தான் நான் காத்திருக்கிறேன்.